மெழுகுவர்த்தி ஒன்று, சொற்பொழிவு ஆறு

1860ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், லண்டன் ஆல்பமார்ல் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தின் அரங்கில், சிறுவர் சிறுமியர் முன்வரிசைகளில் அமர்ந்திருக்க, அறுபத்தொன்பது வயது முதியவர் ஒருவர் மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். காந்தத்தைக் கம்பிச் சுருளுக்கருகில் அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேதான் அவர். இன்று நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்தக் கண்டுபிடிப்பின் வழியாகவே உண்டாகிறது. அத்தகையவர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1848இலேயே அவர் இதே பொருளில் பேசியிருந்தார். தம் விருப்பத்துக்கு விட்டால் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இதையே பேசுவேன் என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். பேசியது சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ளப்பட்டு, வேதியியலாளர் வில்லியம் க்ரூக்ஸின் பதிப்பில் 1861இல் நூலாக வெளிவந்ததால், அன்று அரங்கில் என்ன நடந்தது என்பது நமக்கு வரிசை மாறாமல் தெரிகிறது.

அறிவியலைப் பொதுமக்களுக்குச் சுவையாகச் சொல்வது என்றால், கடினமான சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களைப் போடுவது, இடையிடையே சில வியப்பான செய்திகளைத் தூவுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். கதிரவனுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூமிகளை அடைக்கலாம் என்று சொன்னால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். ஆனால் அடுத்த நிமிடம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஃபாரடேயின் ஆறு சொற்பொழிவுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. சுவை என்பது சொல்லும் வரிசையில் இருக்கிறது. முதலில் எல்லோருக்கும் தெரிந்த பொருள், பிறகு அதைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி, பிறகு கண்ணால் பார்க்கும்படியான ஒரு சோதனை, பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில். நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: பெயரும் வரையறையும் முதலில் வரும், பொருள் எடுத்துக்காட்டாகக் கடைசியில் ஒரு வரியில் வரும்.

இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட அவர் நடந்த வழியிலேயே கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் காற்றுப்படாத இடத்தில் வைத்து ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். சுடருக்குக் கீழே மெழுகு உருகிச் சின்னக் கிண்ணம் போலக் குழிந்து நிற்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு ஏன் உருகி வழியவில்லை? மெழுகு ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். சுடர் அதைப் போலப் பல மடங்கு சூடானது. அரை அங்குல தூரத்தில் இருக்கும் விளிம்பு எப்படித் தப்பிக்கிறது? சூடான காற்று மேலே எழும்போது, அதன் இடத்தை நிரப்பப் பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் குளிர்ந்த காற்று மெழுகுவர்த்தியை ஒட்டி ஏறி வருகிறது. அந்தக் காற்றுதான் விளிம்பைக் குளிர்வித்துச் சுவராக நிறுத்துகிறது. உள்ளே உருக்குவதும் வெளியே கெட்டியாக வைத்திருப்பதும் ஒரே சுடரின் வேலை. வேலைப்பாடும் நெளிவும் உள்ள அலங்கார மெழுகுவர்த்திகளில் காற்று சீராக ஏற முடியாததால் கிண்ணம் உடைந்து மெழுகு வழிவதை ஃபாரடே அன்று காட்டினார். கண்ணுக்கு அழகாக இருப்பது வேறு, நன்றாக எரிவது வேறு என்று பிள்ளைகளிடம் அவர் சொன்னபோது அறிவுரை போல ஒலிக்கவில்லை, ஏனென்றால் வழிந்த மெழுகு மேசைமேல் கிடந்தது.

அடுத்த கேள்வி இன்னும் எளிமையானது. உருகிய மெழுகு கீழே கிண்ணத்தில் இருக்கிறது. சுடர் மேலே திரியின் நுனியில் இருக்கிறது. கீழே இருப்பது மேலே எப்படிப் போகிறது? இதற்கு விடையாக ஃபாரடே ஒரு தட்டின் நடுவில் உப்பைத் தூண் போல நிறுத்தி, அதைச் சுற்றி நீல நிறம் ஏற்றிய உப்புக் கரைசலை ஊற்றினார். அந்த நீரில் கரையக்கூடிய அளவுக்கு உப்பு ஏற்கெனவே கரைந்திருந்ததால் தூண் கரையவில்லை. ஆனால் நீலம் மட்டும் தூணில் மெல்ல மெல்ல ஏறியது. உப்புப் பரல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை மேலே இழுத்துக்கொண்டன. திரியின் நூலிழைகளுக்கு நடுவிலும் அதுவேதான் நடக்கிறது. வாளித் தண்ணீரில் ஒரு முனை தோயத் துண்டை விளிம்பில் தொங்கவிட்டு மறந்துபோனவர்களுக்குக் காலையில் தரையில் தேங்கிய நீரைப் பார்த்ததும் இது புரிந்திருக்கும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். பெயரை இப்போது சொன்னால் அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் சொல்லியிருந்தால் தேர்வு முடிந்த மறுநாள் உதிர்ந்துவிடும்.

நம் அகல்விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. எண்ணெய் ஏற்கெனவே நீர்மமாக இருப்பதால் உருக்கும் வேலை மட்டும் அதற்கு இல்லை. ஆனால் அகலில் ஒரு தொல்லை உண்டு, திரியை அவ்வப்போது தூண்டிவிட வேண்டும், கருகிய நுனியைத் தட்டிவிட வேண்டும். பழைய மெழுகுவர்த்திகளிலும் அப்படித்தான் கத்தரியால் திரியின் நுனியை நறுக்கிக்கொண்டே இருந்தார்கள். 1825இல் பிரான்ஸில் பின்னல் திரி வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது: பின்னிய திரி எரியும்போது தானாக வளைந்து, அதன் நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து, அங்கே காற்றுப்பட்டு முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடுகிறது. அடுத்த முறை மெழுகுவர்த்தி ஏற்றும்போது திரியின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து சிவந்திருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது சுடருக்குள் போகலாம். எரிவது மெழுகா, திரியா? திரிதான் என்றால் அது சில நிமிடங்களில் தீர்ந்துவிட வேண்டும். மெழுகுதான் என்றால், தீக்குச்சியை நேராக மெழுகுக் கட்டியில் வைத்தால் பற்ற வேண்டும், பற்றுவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, இதைச் செய்து காட்டினால் வாயைத் திறக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒரு கோடாக மேலே போகும். எரியும் தீக்குச்சியைத் திரியிடம் கொண்டுபோகாமல், இரண்டு மூன்று அங்குலம் மேலே அந்தப் புகைக்கோட்டில் காட்டுங்கள். தீ புகை வழியே ஓடிவந்து திரியில் உட்கார்ந்துகொள்ளும். காற்று அசைந்தால் புகை கலைந்துவிடும்; ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும்.

அந்த வெள்ளைப் புகை உண்மையில் மெழுகின் ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகி நிற்பது. ஆக, எரிவது கட்டி மெழுகும் அன்று, உருகிய மெழுகும் அன்று. ஆவியாகிய மெழுகுதான் எரிகிறது. எரியும் மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்தால் அணைந்துவிடுவதற்கும் இதுவே காரணம்: ஆவியாக்கிக் கொள்ள நேரம் தராமல் உருகிய மெழுகு திரியை நனைத்துவிடுகிறது. ஃபாரடே இன்னும் ஒரு படி போனார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவிலுள்ள கருத்த பகுதிக்குள் நுழைத்து, அங்கிருக்கும் ஆவியை மறுமுனை வழியாக வெளியே கொண்டுவந்து, அந்த முனையில் தீ வைத்தார். குழாயின் கடைசியில் இரண்டாவது சுடர் ஒன்று எரிந்தது. சுடரின் உள்ளே எரியாத பொருள் இருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் காட்டியது நிழல். பளிச்சென்ற ஒளியைச் சுடரின் மேல் விழச் செய்து, பின்னால் இருந்த திரையில் சுடரின் நிழலைக் காட்டினார். ஒளி தரும் பொருளுக்கே நிழல் விழுமா என்று கேட்கத் தோன்றும், விழுகிறது. அதிலும், சுடரில் எந்தப் பகுதி மிகப் பிரகாசமாக இருக்கிறதோ அந்தப் பகுதியின் நிழல்தான் மிகக் கறுப்பாக இருக்கிறது. நல்ல வெயில் விழும் ஜன்னலருகே, சுடருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். மஞ்சள் பகுதியில் வெயிலை மறைக்கும் அளவுக்குத் திடமான ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அது என்ன என்று தெரிய, ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியை மஞ்சள் பகுதியில் ஒரு நொடி காட்டி எடுத்தால் போதும்: கரி படியும். மெழுகு ஆவி சிதைந்து பிறக்கும் கரித்துகள்கள் கொதிக்கும் வெப்பத்தில் தகதகத்து ஒளிவிடுகின்றன. சுடரின் ஓரத்துக்கு வந்ததும் ஆக்சிஜன் கிடைத்து எரிந்து மறைகின்றன. நாம் விளக்கொளி என்று கொண்டாடுவது, எரிந்து முடியாத கரியின் சிவந்த நிலைதான். சமையல் எரிவாயு அடுப்பு நீலமாக எரிவதும் இதனால்தான். அங்கே காற்று முன்கூட்டியே எரிவாயுவுடன் கலந்துவிடுவதால் கரி உண்டாக இடமில்லை. பர்னர் அடைத்துக்கொண்டு காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்துப்போவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம்.

இதுவரை மெழுகு எரிந்து தீர்ந்துபோகிறது என்றே பேசினோம். தீர்ந்தது எங்கே போனது? ஒரு உலர்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேல் சில நொடிகள் கவிழ்த்துப் பிடித்தால் உட்புறம் மங்கலாகும். விரலால் தொட்டால் ஈரம். (ஐஸ் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், சுடரே இல்லாவிட்டாலும் அந்தப் பாத்திரம் வியர்க்கும். ஆகவே இந்தச் சோதனைக்கு அறை வெப்பத்தில் இருக்கும் தம்ளர்தான் நாணயமானது.) ஃபாரடே இந்தத் துளிகளைச் சேர்த்து, தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகமான பொட்டாசியத்தின் துணுக்கை அதில் போட்டார், அது தீப்பற்றி எரிந்தது. அது நீர்தான் என்று நம்பவைக்க அவர் தேர்ந்தெடுத்த வழி அது. நெருப்பிலிருந்து நீர் பிறக்கிறது என்று வாயால் சொல்லியிருந்தால் கவிதை என்று கடந்துபோயிருப்பார்கள்.

கணக்கு இன்னும் வியப்பாக இருக்கும். மெழுகு என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட மூலக்கூறுகள். இன்றைய பாரஃபின் மெழுகு 10 கிராம் முழுவதும் எரிந்தால், ஏறத்தாழ 13 கிராம் நீரும் 31 கிராம் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். எரிந்தால் பொருள் குறைகிறது என்று நினைக்கிறோம். இங்கே 10 கிராம் போய் 44 கிராம் வந்திருக்கிறது. மிகுதியான 34 கிராமும் காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஆக்சிஜன். மெழுகுவர்த்தி எரிவதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, நாம் விலைகொடுத்து வாங்காத காற்றுடையது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சுவையாகச் சொல்ல முற்படும் பலரும் இதே மெழுகுவர்த்தியில்தான் சறுக்குகிறார்கள். தண்ணீர் ஊற்றிய தட்டில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். நான் படித்த பள்ளியில், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் உற்றுப் பார்த்தால், சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது. தம்ளரைக் கவிழ்க்கும்போது உள்ளே அடைபட்டது சூடாகி விரிந்த காற்று. சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மீதமிருக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் அங்கேயே வந்து நிற்கிறது. தவறான விளக்கம் இத்தனை தலைமுறை நிலைத்ததற்குக் காரணம், அது அழகாகவும் எளிதாகவும் இருந்ததுதான். ஒரே தம்ளருக்குள் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றி வைத்துப் பார்த்தால், ஆக்சிஜன் அளவு மாறாவிட்டாலும் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும்; அந்த விளக்கம் அங்கேயே விழுந்துவிடும்.

ஃபாரடேக்கு இந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவர் கேட்பவர் வரிசையிலிருந்து மேடைக்கு வந்தவர் என்பது நினைவுக்கு வரும். கொல்லரின் மகனாக 1791இல் பிறந்து, பதினான்காவது வயதில் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் போனவர் அவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தார். அவற்றில் ஜேன் மார்செட் என்ற பெண்மணி இரண்டு சிறுமிகளுக்கும் ஆசிரியைக்கும் நடக்கும் உரையாடலாக எழுதிய வேதியியல் நூலும் ஒன்று. 1812இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அனுமதிச்சீட்டு கொடுக்க, வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளை இதே ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் உட்கார்ந்து கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டுக்கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த 1813லேயே நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில், நல்ல சொற்பொழிவுக்கு அரங்கின் காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும், கருவிகளை எப்படி வைக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார். பிற்காலத்தில், வேகமாகப் பேசிவிடுவோம் என்ற அச்சத்தில், ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்றைத் தம் கண்ணெதிரே நீட்டும்படி உதவியாளரிடம் சொல்லி வைத்திருந்தார். அத்தனை புகழுக்குப் பிறகும் அந்த அட்டையை அவர் விடவில்லை. மெழுகுவர்த்திப் பேச்சும் இடம்பெற்ற, 1825இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய கிறிஸ்துமஸ் காலச் சொற்பொழிவுகளில் பத்தொன்பது ஆண்டுத் தொடர்களை அவர் ஒருவரே நிகழ்த்தினார். இரண்டாம் உலகப் போர்க்கால இடைவெளி தவிர அந்த மரபு இன்றும் தொடர்கிறது.

மெழுகுவர்த்தியில் கேட்க இன்னும் கேள்வி மிச்சமிருந்தது என்பதற்கு விண்வெளி ஆய்வு ஒரு சாட்சி. சூடான காற்று மேலே எழுவதே ஈர்ப்பினால்தான். எடையற்ற நிலையில் மேல் என்பதே இல்லையே, அங்கே சுடர் எப்படி இருக்கும்? 1992இல் விண்ணோடத்திலும் 1996இல் மிர் விண்வெளி நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார்கள். சுடர் கூம்பாக எழாமல் உருண்டையாக, மங்கிய நீலத்தில் நின்றது. கிண்ணத்தின் விளிம்பைக் காத்ததாக முன்பு சொன்ன அந்தக் காற்றோட்டம்தான் சுடருக்கு வடிவமும் கொடுத்திருக்கிறது.

ஆறாவது நாள் ஃபாரடே வந்து நின்ற இடம் மூச்சு. சுண்ணாம்பு நீரை வைத்து அதைக் காட்டினார். நமக்கு அது வெற்றிலைப் பெட்டியிலேயே கிடைக்கும். ஒரு கரண்டிச் சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, ஒரு இரவு அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்; கண்ணில் படவோ வாயில் போகவோ கூடாது. இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்து, ஒன்றை எரியும் மெழுகுவர்த்தியின் மேல் சற்று நேரம் கவிழ்த்துப் பிடித்து, பிறகு அதில் தெளிந்த நீரை ஊற்றி மூடிக் குலுக்குங்கள். இன்னொன்றில் அதே நீரை ஊற்றி, ஸ்ட்ரா வழியாக மெல்ல ஊதுங்கள், உறிஞ்சிவிடாமல். இரண்டும் பால்போல வெளுக்கும். சுடர் விட்ட வாயுவும் நாம் விட்ட மூச்சும் சுண்ணாம்பு நீருக்கு ஒன்றாகவே படுகின்றன. சோற்றிலுள்ள கார்பன், தீயும் ஒளியும் இல்லாமல், 37 டிகிரி உடல் வெப்பத்திலேயே ஆக்சிஜனுடன் சேர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ ஒரு கிலோ.

அந்த இரண்டு பாட்டில்களையும் மறுநாள் வரை வைத்திருந்தால் அடியில் வெண்பொடி படிந்திருக்கும். அதுதான் சுண்ணாம்புக்கல்லும் சிப்பி ஓடும் ஆகியிருக்கும் பொருள். காளவாயில் அந்தக் கல்லையோ சிப்பியையோ இட்டுச் சுடும்போது வெளியேறும் வாயுவைத்தான் மெழுகுவர்த்தியும் நம் மூச்சும் அதற்குத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன.